இன்டேக் வால்வு ஏன் தாமதமாக மூடுகிறது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கும், மேலே ஏறத் தொடங்கியதும் மூடும். பாடப்புத்தகம் இப்படித்தான் சொல்கிறது. ஆனால் நிஜ எஞ்சினில் பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பிய பிறகும், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இன்னும் 40, 60 டிகிரி சுழலும்வரை அந்த வால்வு திறந்தேதான் இருக்கும்.

காற்றுக்கும் எடை உண்டு என்பதுதான் காரணம். 6000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், கிராங்க் நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லிநொடிதான் ஆகும். அந்த வேகத்தில் பாய்ந்து வருகிற காற்று, பிஸ்டன் திரும்பிவிட்டதே என்று சட்டென நிற்காது. தன் உந்தத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே நெருக்கிக்கொண்டு நுழையும். 2000 ஆர்.பி.எம்.மில் அந்த உந்தம் கிடையாது. ஏறுகிற பிஸ்டன் காற்றை வந்த வழியே துரத்திவிடும். ஆக, மெதுவான ஓட்டத்துக்குச் சீக்கிரம் மூட வேண்டும், வேகத்துக்குத் தாமதமாக மூட வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒன்றே இரண்டையும் எப்படிச் செய்யும்?

செய்யாது. எந்தப் பக்கம் சாய்வது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். அதற்குத்தான் கேம் ஷாஃப்டின் முனையில், போல்ட்டைத் தளர்த்தித் திருப்பக்கூடிய பற்சக்கரமான கேம் புல்லி. கேமை முன்னுக்குத் திருப்பினால் வால்வு சீக்கிரம் மூடி, கீழ் வேகத்தில் இழுவை கூடும். பின்னுக்குத் திருப்பினால் இழுவை மேல் வேகத்துக்கு நகரும். திறன் என்பது முறுக்குவிசையையும் (அந்த இழுவைதான்) சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. அதனால் குதிரைத்திறன் எண்ணும் ஏறும். ஊருக்குள் ஓட்டும் காருக்குப் பின்னுக்குத் திருப்புவது நஷ்ட வியாபாரம் என்பேன்.

1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில், ஓடும்போதே இன்டேக் கேமைத் திருப்பும் அமைப்பை வைத்தது. 1989-இல் ஹோண்டாவின் விடெக் அமைப்பு இன்னொரு வழியில் போனது: ஒரே ஷாஃப்டில் இருவகைக் கேம்கள் (வால்வை அமுக்கும் மேடுகள்), வேகம் கூடினால் பெரியதுக்கு மாற்றம். டர்போ இல்லாமலே 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன்!

கையால் திருப்புபவர்கள் கணக்கில் தடுமாறுவது ஓரிடத்தில்தான். கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. புல்லியில் 2 டிகிரி என்றால் கிராங்கில் 4. கேம் புல்லியில் 40 பல் இருந்து, அதைக் கிராங்கோடு இணைக்கும் பெல்ட் ஒரு பல் தள்ளிப்போனால், கிராங்கில் 18 டிகிரி பிசகு. சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ள இன்னும் கொஞ்சம் போதும். அதனால்தான் மெக்கானிக்குகள் சாவியைத் தொடுமுன் கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள். எங்கேயாவது முட்டினால், அழுத்தாமல் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.