ஜெல் பூசிய தோளில் குழந்தையைத் தூக்காதீர்கள்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தரங்கப் பகுதியில் முடி முளைத்திருக்கிறது என்று பயந்துபோய் அழைத்து வருகிறார்கள். கையில் ரிப்போர்ட் கட்டு. ஸ்கேன் எடுத்தாயிற்று, கட்டி எதுவும் இல்லை. வீட்டில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஜெல் பூசுகிறீர்களா என்று கேட்டால், அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா டாக்டர், ஆனா அது சும்மா மேல தடவுறதுதானே" என்கிறார். அதே பதிலை மறுபடியும் கேட்ட ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா மேலே தடவுவது இல்லை. தலைவலித் தைலம் மாதிரி தடவிய இடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. தோல் வழியாக ரத்தத்தில் கலப்பதற்காகவே செய்யப்பட்ட ஹார்மோன் மருந்து இது. 1 சதவீத ஜெல் 5 கிராமில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குள் போகும். அந்த 5 மில்லிகிராமே ஓர் ஆணின் உடல் ஒரு நாளில் சுரக்கும் அளவை ஒட்டி வந்துவிடும். மீதி? பெரும்பகுதி உங்கள் தோளிலும் கையிலும்தான் இருக்கிறது. ஜெல் காய்ந்துவிட்டால் மருந்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். காய்ந்தது ஆல்கஹால் மட்டும்தான். அந்தத் தோளில் குழந்தை கன்னத்தை வைத்துத் தூங்கினால் மருந்து அதன் தோலுக்கும் போகும். தானாக டெஸ்டோஸ்டிரோன் அநேகமாகச் சுரக்கவே சுரக்காத வயது அது. கொஞ்சம் ஒட்டினாலே அதிகம்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2009-லேயே இதற்காக மருந்து லேபிளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. குழந்தைக்குப் பிறப்புறுப்பு பெரிதாவது, முரட்டுத்தனம், திடீர் உயரம் எல்லாம் வரும். "நல்லா வளர்றான்" என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். ஆனால் எலும்பு வயதுக்கு மீறி முதிர்ந்து, வளர்ச்சி சீக்கிரமே நின்று, கடைசியில் குழந்தை குள்ளமாகிவிடலாம். தொடர்பை நிறுத்தினால் பெரும்பாலான மாற்றங்கள் குறையும். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. மனைவிக்கும் இதே ஆபத்துதான்: முகப்பரு, தேவையில்லாத இடத்தில் முடி. அவர் கர்ப்பமாக இருந்தால் வயிற்றில் இருக்கும் பெண் சிசுவையே பாதிக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழந்தை வேண்டும் என்று இந்த ஜெல்லைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விந்தணு உற்பத்தி செய்யச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு நின்றுபோகும். எண்ணிக்கை பூஜ்ஜியம் வரைகூடப் போகலாம். நிறுத்தினாலும் மீண்டு வரப் பல மாதங்கள் ஆகும்.

சரி, உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் காலையில் எடுத்த ரத்தத்தில், வேறு வேறு நாளில், இரண்டு முறையாவது டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று தெரிந்திருக்க வேண்டும்; அறிகுறிகளும் இருக்க வேண்டும். அசதியாக இருக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது சிகிச்சை ஆகாது. ஆரம்பித்த பிறகு ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தச் சொல்வோம். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ என்ற புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். பலரும் முதல் சீட்டோடு சரி, அப்புறம் வருவதே இல்லை.

பூசும் முறையை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். தோள், மேற்கை என்று டாக்டர் சொன்ன இடத்தில் மட்டும். ஆணுறுப்பிலோ விதைப்பையிலோ கூடவே கூடாது; அங்கே பூசினால் அதிகம் வேலை செய்யும் என்று யார் சொன்னாலும் பூசாதீர்கள். பூசியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காயும்வரை அடுப்புப் பக்கமும் சிகரெட் பக்கமும் போகாதீர்கள், தீப்பிடிக்கும். காய்ந்ததும் கை வைத்த சட்டையால் மூடுங்கள். கை இல்லாத பனியன் போதாது. குழந்தையைத் தூக்கும் முன், மனைவி அருகில் படுக்கும் முன், அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்கள் துண்டையும் பனியனையும் வேறு யாரும் தொட வேண்டாம்.

குழந்தையிடம் மேலே சொன்ன மாற்றம் ஏதாவது தெரிந்தால், நீங்கள் ஜெல் பூசுவதைக் குழந்தை டாக்டரிடம் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மனைவிக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாக வந்து சொல்லுங்கள், அந்த டியூபையும் எடுத்து வாருங்கள். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.