பால்மரக் கணக்கும் காற்பந்துக் கணக்கும்

2022 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டி அரை மணி நேரமாகியும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அந்த மாமாக் உணவுக்கடையில் ஒரு நாற்காலி காலியில்லை. பெரிய திரையில் இங்கிலாந்துக் காற்பந்துக் கிளப்புகளான பிரென்ட்ஃபோர்டும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் 35 நிமிடத்திலேயே நான்கு கோல், நான்கையும் போட்டது பிரென்ட்ஃபோர்ட். எங்கள் மேசையில் பாதிப் பேர் யுனைடெட் ஜெர்சியில் வந்தவர்கள். அவர்கள் தே தாரிக் டீயைத் தொடவேயில்லை, மேலே ஆடை படிந்துவிட்டது.

என் பக்கத்தில் முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய மாமா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தம்பி, இவன் திடல்ல எத்தன பேரு உக்காரலாம்?"

"பதினேழாயிரம் சொச்சம் மாமா."

"அவன் திடல்ல?"

"எழுபத்து நாலாயிரம்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப இவனுக்குக் காசு எங்கேருந்து வருது?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் படிக்க, அது நம் தோட்டத்துத் திடல் வரை வந்து நின்றது.

முதலில் தொலைக்காட்சிப் பணம். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரிமியர் லீக்கில் கிளப்புகள் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியாக விற்பதில்லை. லீக் மொத்தமாக விற்றுப் பிரித்துக் கொடுக்கிறது. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி இருபது கிளப்புகளுக்கும் சமமாகப் போகும். கால்பங்கு பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்தது, மீதிக் கால்பங்கு எத்தனை ஆட்டம் நேரலையாகக் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஸ்பெயினில் 2015 வரை அவரவர் உரிமையை அவரவரே விற்றார்கள். பெரும்பங்கு ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் போனது. பிறகு சட்டம் போட்டுத்தான் கூட்டாக விற்க வைத்தார்கள். பிரென்ட்ஃபோர்ட் போன்ற கிளப்புக்கு வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பங்குதான்.

சரி, அதை வைத்து மட்டும் பெரியவர்களோடு மோத முடியுமா? முடியாது. பெரிய கிளப்புக்கு விளம்பரப் பணம், டிக்கெட் பணம், ஐரோப்பியப் போட்டிப் பணம் எல்லாம் மேலே மேலே வரும். அது சம்பளமாக மாறும். ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி என்ற பொருளியலாளர் பல ஆண்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு கிளப் கொடுக்கும் மொத்தச் சம்பளமும் பட்டியலில் அது முடிக்கும் இடமும் நீண்ட காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன என்பது அவர் கண்டது. சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளிப் பட்டியலை ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆனால் காற்பந்தின் அமைப்பே சின்னவனுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு விழும் கோல் மிகக் குறைவு. பெரிய குழு சராசரியாக 2 கோல், சின்னக் குழு 1 கோல் போடும் திறமை உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். அரிதாக நடக்கும் சம்பவங்களுக்குப் புள்ளியியலில் பாய்சான் பரவல் என்றொரு கணக்கு உண்டு. அதில் போட்டுப் பார்த்தேன். சின்னக் குழு 100க்குச் சுமார் 18 ஆட்டத்தில் ஜெயிக்கிறது, 21 ஆட்டத்தில் சமன் செய்கிறது. பாதித் திறமைதான், ஆனாலும் 100க்கு 39 முறை புள்ளியோடு வீடு திரும்புகிறது. இதே குழுக்கள் கோலைப் பத்து மடங்கு போட்டு, 20க்கு 10 என்று ஆடினால்? வெற்றி 100க்கு மூன்றுகூடத் தேறாது. கோல் அரிதாக இருக்கும் வரைதான் அதிர்ஷ்டத்துக்கு வேலை.

ஓர் இரவில் 4-0 என்பதற்கு இது பதில் சொல்லும். 38 ஆட்டத்துக்குச் சொல்லாது. ஆட்டம் கூடக் கூட அதிர்ஷ்டம் இரு பக்கமும் சமமாகிவிடும். அப்புறம் உண்மையான பலம் வேண்டும். அதை மலிவாக எங்கே வாங்குவது என்பதில்தான் பிரென்ட்ஃபோர்டின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அதன் உரிமையாளர் மேத்யூ பென்ஹம் இயற்பியல் படித்தவர், பந்தயப் புள்ளிவிவரத்தில் தொழில் செய்தவர். அவர் குழு பார்ப்பது கோல் எண்ணிக்கையை அல்ல, வாய்ப்பின் தரத்தை. இந்த இடத்திலிருந்து, இந்தக் கோணத்தில் அடித்த ஆயிரக்கணக்கான பந்துகளில் எத்தனை உள்ளே போயின என்று பழைய ஆட்டங்களிலிருந்து எண்ணுகிறார்கள். பெனால்டி என்றால் ஏறக்குறைய நான்கில் மூன்று. தொலைவிலிருந்து அடித்தால் முப்பதில் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். ஒரு முன்கள ஆட்டக்காரர் கோலுக்குப் பக்கத்தில் நல்ல இடத்துக்கு வந்து வந்து நிற்கிறார், ஆனால் இந்தப் பருவம் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. சந்தையில் அவர் விலை இறங்கும். பென்ஹமின் ஆட்கள் அப்போதுதான் போய் நிற்பார்கள். கீழ்ப் பிரிவில் இருந்த எக்சிட்டரிலிருந்து 2017ல் ஆலி வாட்கின்ஸை 2 மில்லியன் பவுண்டுக்கும் குறைவாக வாங்கினார்கள். மூன்று வருஷம் கழித்து 28 மில்லியனுக்கு ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள். டென்மார்க்கின் மிட்யூலான் கிளப்பையும் பென்ஹம் 2014ல் வாங்கினார். அடுத்த ஆண்டே அது முதல் முறையாக லீக் பட்டத்தை வென்றது. ஃப்ரீகிக், கார்னர் போன்றவற்றுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பதில் இந்த இரண்டு கிளப்புகளும் முன்னோடிகள். அந்தப் பயிற்சிக்குக் காசு அதிகம் தேவையில்லை, நேரம்தான் தேவை.

இன்னொரு சின்னக் கிளப்பான பிரைட்டன் இன்னும் தூரம் போனது. எக்குவடோரிலிருந்து 19 வயது மோய்செஸ் கைசேடோவை 2021ல் 5 மில்லியன் பவுண்டுக்கும் குறைவாக அழைத்து வந்து, 2023ல் செல்சிக்குக் கொடுத்தது. முன்பணமே 100 மில்லியன், நிபந்தனைகள் நிறைவேறினால் 115 மில்லியன்.

மாமாவுக்கு இதை மரத்தை வைத்துச் சொன்னேன். பால்மரக் கன்று நட்டால் ஆறேழு வருஷம் ஒரு சொட்டுப் பால் கிடையாது. செம்பனை (எண்ணெய்ப்பனை) மூன்று வருஷத்துக்குள் குலை தள்ளும். சொந்தப் பையன்களைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்ப்பது பால்மரக் கணக்கு. பத்தொன்பது, இருபது வயதுக்காரரை வாங்கி மூன்று வருஷத்தில் விற்பது செம்பனைக் கணக்கு. பிரென்ட்ஃபோர்ட் 2016ல் தன் இளையோர் பயிற்சிப் பள்ளியையே மூடியது. லண்டனில் நல்ல பையன்களைப் பெரிய கிளப்புகள் சின்ன வயதிலேயே கொண்டுபோய்விடுவதால், பால் வருமுன்பே மரம் போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. வயிறு எரிந்தாலும் அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

கணக்குப் புத்தகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் ஆட்டக்காரரை 5 மில்லியனுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால் செலவை வருஷத்துக்கு 1 மில்லியனாகப் பிரித்து எழுதுவார்கள். மூன்றாம் வருஷ முடிவில் புத்தகத்தில் அவர் மதிப்பு 2 மில்லியன். அப்போது 20 மில்லியனுக்கு விற்றால் லாபம் 18 மில்லியன். சொந்தமாக வளர்த்த பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது, ஆகவே விற்ற பணம் முழுவதும் லாபம். ஒப்பந்தம் முடியும் நாளன்று மட்டும் மதிப்பு பூஜ்யம், ஆட்டக்காரர் பெரும்பாலும் கையை வீசிக்கொண்டு போய்விடலாம்.

நம் நாட்டுக் கிளப்புகளை நினைத்து எனக்கு மனம் கனப்பது இந்த இடத்தில்தான். ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் விற்க எதுவும் மிஞ்சாது. 2014லிருந்து ஜொகூர் டாருல் தாசிம் கிளப் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு பணமுள்ள கிளப்பைத் துரத்திக்கொண்டு மற்றவர்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குச் செலவு செய்தால் கடைசியில் சம்பளப் பாக்கிதான் மிஞ்சும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கிய பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022ல் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்தே சூப்பர் லீக்கில் ஆடியது. அந்தப் பருவத்தோடு விலகியும் கொண்டது. அந்த ஜெர்சி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

செம்பனைக் கணக்கும் ஆபத்தில்லாதது அல்ல. லெஸ்டர் சிட்டி கிளப் மாஹ்ரெஸ், கான்டே என்ற ஆட்டக்காரர்களை மலிவாகப் பிடித்து 2016ல் பட்டம் வென்றது, பிறகு நல்ல விலைக்கு விற்றது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அடுத்த கான்டே கிடைக்க வேண்டுமே. 2023ல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

பையன்களை வளர்க்கும் எங்கள் தோட்டத்துக் குழு அளவில் பயன்படுவது வேறொரு விதி. ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கட்டணத்தோடு மாறினால், அந்தக் கட்டணத்தில் 5 விழுக்காடு அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயது வரை பருவத்துக்கு கால் விழுக்காடு, 16 முதல் 23 வரை அரை விழுக்காடு. 10 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பையன் வெளிநாடு போனால், 12லிருந்து 15 வயது வரை நான்கு பருவமும் வளர்த்த குழுவுக்கு ஒரு லட்சம் வெள்ளி. ஒரு தோட்டத்துக் குழு அதை வைத்துப் பல வருஷம் ஓட்டலாம்.

ஆனால் பையன் அங்கே ஆடினான் என்பதற்குச் சங்கப் பதிவு வேண்டும். எங்கள் குழுவின் கணக்கெல்லாம் ஒரு 555 சின்னக் குறிப்புப் புத்தகத்தில்தான் இருந்தது. வேன் எண்ணெய் 40 வெள்ளி, நடுவருக்கு 50, ஐஸ், பந்து. பையன்களின் பெயர் ஜெர்சி எண்ணுக்கு எதிரே பென்சிலில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இடதுகால் பையன் ஒருவனை ஒரு பெரிய கிளப் பதினைந்து வயதில் அழைத்துப் போனது. ஒரு கடிதம்கூட வரவில்லை. அவன் நாளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும், அவன் எங்கள் திடலில் ஓடிய மூன்று வருஷம் எந்தப் பதிவிலும் கிடையாது.

போன மாதம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து 14 பையன்களுக்குப் பதிவுப் பாரம் நிரப்பினோம். பிறப்புச் சான்றிதழ் நகல்களை மாமாதான் அடுக்கினார். அவருக்கு எழுத்து சரியாகத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பாரத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இவன் என்னிக்கு மொதமொதல்ல நம்ம திடலுக்கு வந்தான்னு எழுதிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார்.