காற்றுக்கு எட்டாத தூசி

டொரொண்டோ ஸ்கார்பரோவில் ஓக் மரத்தரை போட்ட வீட்டுக்குப் புதிதாகக் குடிபோயிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “அண்ணா, பழைய வீட்டில கார்ப்பெட். அதுக்கு வாங்கின வாக்யூம் கிளீனரைத்தான் இங்கயும் பாவிக்கிறன். முழுக்க இழுத்து முடிச்சிட்டு நடந்தா, வெள்ளை சாக்ஸ் சாம்பல் நிறமாகுது. கடையில கேட்டா, சக்தி கூடினதா எடுங்கோ எண்டு சொல்லுறாங்கள். எடுக்கவோ?”

வேண்டாம் தங்கச்சி. அந்த சாக்ஸைக் கழற்றி உற்றுப் பாருங்கள். அதில் மணல் இருக்காது, ரொட்டித் துகள் இருக்காது. மாவு போல மெல்லிய சாம்பல் படலம் மட்டும்தான் இருக்கும். பெரியதெல்லாம் போய்விட்டது, சிறியது மட்டும் தங்கிவிட்டது. எடை குறைந்ததுதானே காற்றில் முதலில் பறக்க வேண்டும்? எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உள்ளே சுழலும் விசிறி காற்றழுத்தத்தைக் குறைக்கிறது; வெளியில் இருக்கும் வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது; காற்றோடு தூசியும் போகிறது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பாஸ்கல் எண், அதாவது உறிஞ்சும் அழுத்தத்தின் அளவு, இயந்திரத்தின் வாயை முழுக்க அடைத்துக் காற்றே ஓடாத நிலையில் அளந்தது. வாட் எண்ணோ, மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் 900 வாட் என்று உச்சவரம்பு வைத்தது; அந்த வரம்புக்குள்ளேயே நன்றாக வேலை செய்யும் இயந்திரங்கள் அங்கே கிடைக்கின்றன.

இப்போது தலைக்கு மேலே பாருங்கள். 1,200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. கோடை முழுக்க ஓடுகிறது. பொங்கலுக்கு ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தால், இறக்கையின் முன்விளிம்பில் கம்பளி மாதிரித் தூசி. அத்தனை வேகக் காற்றில் அது எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது?

காரணம், அந்தத் தூசியை அந்தக் காற்று தொடவே இல்லை. எந்தப் பரப்பை ஒட்டி ஓடினாலும், பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று பரப்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள படலம் மெதுவாக நகர்கிறது. அதற்கும் மேலே உள்ளது இன்னும் கொஞ்சம் வேகமாக. இப்படிப் படிப்படியாக ஏறித்தான் முழு வேகம் வருகிறது. இந்த மெல்லிய பகுதிக்கு எல்லை அடுக்கு என்று பெயர். ஆற்றில் இறங்கியவர்களுக்குத் தெரியும், நடுவில் இழுப்பு இருக்கும்போதும் கரையோரத்தில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூசி, இந்த அடுக்கின் அடிமட்டத்தில் படுத்துக் கிடக்கிறது. மேலே புயல் அடித்தாலும் அதற்குத் தென்றல்தான்.

இதைக் கண்டு சொன்னவர் ஜெர்மன் பொறியாளர் லுட்விக் பிராண்டல். 1904-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில், 29 வயதில், ஒரு சிறிய உரையில் சொன்னார். விமானம் ஏன் பறக்கிறது, ஏன் சில நேரம் விழுகிறது என்று இன்று நாம் கணக்குப் போடுவதெல்லாம் அந்த உரையில் காலூன்றித்தான். ஆனால் அவரை அந்தக் கேள்விக்கு இழுத்துக்கொண்டு போனது விமானம் இல்லை. நியூரம்பெர்க்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தபோது, இயந்திரங்கள் உதிர்க்கும் சீவல்களை உறிஞ்சி எடுக்கும் கருவியைச் சரிசெய்யும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். ஆம், தொழிற்சாலை அளவிலான ஒரு வாக்யூம் கிளீனர்! விரிந்துகொண்டே போகும் குழாயில், காற்று சுவரை விட்டு ஏன் பிரிந்துவிடுகிறது என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் புகுந்தது. கருவியைச் சரிசெய்த பிறகும், பேராசிரியரான பிறகும், அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் இன்று ஒருவர் “குழாய்ச் சுவரில் காற்று என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்” என்று விண்ணப்பித்தால், பயன் என்ன, எத்தனை மாதத்தில் என்று முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். இந்த மாதிரி கேள்விகளுக்குப் பணமும் பொறுமையும் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சரி, தரைக்கு வருவோம். தூசி சும்மா படுத்திருக்கவில்லை, தரையைப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. பல்லியைச் சுவரில் நிறுத்தும் அதே வான்டெர்வால்ஸ் விசைதான்; மிக நெருங்கிய இரு பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை அது. துகளின் விட்டம் பாதியானால், இந்தப் பிடி பாதியாகிறது. காற்று தள்ளும் விசை கால்வாசியாகிறது. எடை எட்டில் ஒன்றாகிறது. சிறுக்கச் சிறுக்கப் பிடிதான் வெல்லும். ஒரு மர மேசையில் ஊதிப் பாருங்கள். துணுக்குகள் பறக்கும். பிறகு விரலால் ஒரு கோடு இழுங்கள், கோடு பளிச்சென்று தெரியும். மூச்சுக்கு அசையாததை விரல் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டது. நம் வீடுகளில் பெருக்கிய கையோடு துணி போட்டுத் துடைப்பதும் இதற்காகத்தான்.

அதனால் மரத்தரைக்கு மோட்டாரைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். வெல்வெட் மாதிரி மெத்தென்ற இழைகள் போர்த்திய உருளை சுழலும் தலை வேண்டும். இழை தூசியைத் தொட்டுப் பிடுங்கி எல்லை அடுக்குக்கு மேலே தூக்குகிறது. அதற்குப் பிறகு காற்றுக்கு வேலை சுலபம். உங்கள் பழைய கார்ப்பெட் தலையில் இருப்பது விறைத்த பிரஷ். அது கம்பளத்தின் வேர் வரை குத்திக் கிளறுவதற்கானது. மரத்தரையில் அது மணலைப் பின்பக்கம் சிதறடிக்கும்.

அந்த மணல்தான் தரைக்கு எதிரி. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் அதற்கு 7. தரையின் பாலியூரித்தேன் பூச்சு அதன் முன் நிற்காது. குளிர்காலத்தில் பூட்ஸோடு உள்ளே வரும் மணலும் சாலை உப்பும் கடினமான பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒன்று பதிந்துவிட்டால் போதும், நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு. சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், ரப்பராகக் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். தலையின் முன்பக்கம் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியிருந்தால் அரிசி, பருப்பையெல்லாம் உள்ளே எடுக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஹெப்பா வடிகட்டி நல்லது, 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். மூடி, இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஈர மாப் மட்டும் வேண்டாம். பலகை இடுக்கில் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். மைக்ரோஃபைபர் துணியைச் சொட்டாமல் பிழிந்து துடைத்தால் போதும்.

கடைக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தில் கொஞ்சம் கோதுமை மாவும் உப்பும் கலந்து கொண்டுபோங்கள், கறுப்புத் துணி ஒன்றும். கேட்டுவிட்டு, மரத்தரை மாதிரியில் ஒரு சிட்டிகை தூவி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். உப்பை எல்லா இயந்திரமும் எடுத்துவிடும். பிறகு அதே இடத்தில் துணியால் ஒரு தேய்ப்பு. வெள்ளை தெரிந்தால், அடுத்த இயந்திரத்தை எடுக்கச் சொல்லுங்கள்.