'நீங்களே குழு பிரிச்சுக்குங்க' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

இந்தத் தவணையிலும் ஒரு பையன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். தெமியார் பையன் (தெமியார், மலேசியாவின் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களில் ஒரு பிரிவு), படிவம் இரண்டு, பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவன். அடையாளங்களை மாற்றி, இரண்டு மூன்று பிள்ளைகளின் கதையைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பள்ளி ஆலோசகர்களான எங்கள் தொழிலில் அது கட்டாயம்.

அறிவியல் பாட வேளை. ஆசிரியர், "நாலு நாலு பேரா நீங்களே குழு பிரிச்சுக்குங்க" என்றார். அரை நிமிடத்தில் வகுப்பு பிரிந்தது. பழைய தமிழ்ப்பள்ளிக் கூட்டம் ஜன்னலோரம், சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் முன்வரிசை, கம்போங் (மலாய்க் கிராம) பிள்ளைகள் பின்னால். இவன் மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான். ஆசிரியர் நல்ல மனிதர், தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. "யார் இவனைச் சேத்துக்கிறீங்க?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலோரக் கூட்டத்திலிருந்து, ஆமாம், நம் பிள்ளைகளில் ஒருவன்தான், அடிக்குரலில் ஒரு சொல் சொன்னான். ஓராங் அஸ்லி மக்களை இழிவுபடுத்தும் சொல். இங்கே எழுத மாட்டேன், இந்தப் பக்கம் வளர்ந்த எல்லாருக்கும் அது தெரியும். வகுப்பே சிரித்தது.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவன் அடுத்த வாரம் விடுதிக்குத் திரும்பவில்லை. அப்பாவிடம் பேசினோம். "அவனுக்கு அங்கே பிடிக்கல" என்றார், அவ்வளவுதான். கோப்பில் 'படிப்பில் ஆர்வமில்லை, குடும்ப ஒத்துழைப்பு குறைவு' என்று ஏறிவிடும். அந்த வாசகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியை. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள், புதுக்கிராமத்துப் பிள்ளைகள், கம்போங் பிள்ளைகள், லாசாவுக்கு மேலே மலையோரக் கிராமங்களிலிருந்து வரும் தெமியார் பிள்ளைகள் எல்லாரும் இங்கே படிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு எங்கள் சபைக்கூட்டத்தைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். "அழகா இருக்கு டீச்சர், இதுதான் மலேசியா" என்பார்கள். அப்புறம் சொல்லி வைத்ததுபோல் ஒரு வாக்கியம் வரும்: "ஒண்ணாப் படிக்கிறாங்க, தானாப் பழகிடுவாங்க."

தானாகப் பழகமாட்டார்கள். இதைத்தான் நான் எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தமிழ்ப்பள்ளி ஒரு பக்கம், சீனப்பள்ளி ஒரு பக்கம், தேசியப்பள்ளி ஒரு பக்கம், மலையில் ஓராங் அஸ்லி பள்ளி. பதிமூன்று வயதில், உடம்பும் குரலும் மாறி, யார் என்ன சொல்வார்களோ என்ற பயம் உச்சத்தில் இருக்கும் வயதில், திடீரென்று ஒரே வகுப்பு. பயந்த பிள்ளை தெரிந்த முகத்தைத் தேடித்தான் போகும். போகட்டும், அது இயல்பு.

அதன் பிறகாவது கலக்கிறார்களா? இஸ்லாமியக் கல்விக்கு ஒரு பகுதி எழுந்து போகும், மிச்சப் பேர் நன்னெறிக் கல்விக்கு. தமிழ் வகுப்புக்கு ஒரு கூட்டம், சீன வகுப்புக்கு ஒரு கூட்டம். (தாய்மொழி வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிடாதீர்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அந்த வகுப்பு நடத்த சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்காத பெற்றோரோடுதான் என் சண்டை.) ஓய்வு நேரம் இருபது நிமிடம், அதில் பாதி கண்டினில் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். மதியம் புறப்பாட நடவடிக்கை இருக்கும் நாளில் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள், அதை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. ஆக, சாரணர் இயக்கத்திலும் பூப்பந்துக் குழுவிலும் பக்கத்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) பிள்ளைகள்தான் மிச்சம். கணிதம், அறிவியல், வரலாறு என்று எல்லாரும் ஒன்றாக இருக்கும் பாடங்களில் ஆசிரியர் பேசுகிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள். பழகுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

படிவம் ஐந்து மாணவர்கள் என் அறைக்கு வந்தால் சில நேரம் ஒரு கேள்வி கேட்பேன். உன் வகுப்பில் வேறு இனத்துப் பிள்ளை ஒருவரைச் சொல், அவர் அம்மா என்ன வேலை பார்க்கிறார்? பெரும்பாலும் தலையைச் சொறிவார்கள். ஐந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு!

சும்மா பக்கத்தில் உட்காரவைப்பது சில நேரம் நிலைமையைக் கெடுக்கவும் செய்யும். வீட்டில் 'அவனுங்க அப்படித்தான்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பக்கத்து மேசையில் அதற்கு ஆதாரம் தேடுகிறது. தேடினால் கிடைக்காமலா போகும்? கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவருக்கொருவர் உதவாமல் அந்த வேலை முடியக்கூடாது, மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். அப்போதுதான் சந்திப்பு வெறுப்பைக் குறைக்கும் என்றார். நாம் இதில் நாலாவதை மட்டும் செய்கிறோம், அதுவும் சபைக்கூட்ட உரையில். அந்தச் சொல்லைச் சொன்ன பையனும் திங்கட்கிழமை காலையில் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டு உறுதிமொழியை முழுசாக ஒப்புவித்தவன்தான். ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும்.

ஒற்றுமை நாள் பற்றிக் கேட்பீர்கள். சீனப் பெண் சேலை கட்டி, தமிழ்ப் பெண் கெபாயா போட்டு, தெமியார் பையன் தலையில் ஓலைக் கிரீடம் வைத்து மேடையில் நிற்பார்கள். படம் நன்றாகத்தான் வரும். செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. அன்று மதியமே உடையைக் கழற்றியதும் எல்லாரும் அவரவர் மேசைக்குத்தான் போகிறார்கள். அதற்குச் செலவாகும் வாரங்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வேறு என்னதான் செய்வது? 1971-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்ததும் சண்டை மூண்டது. அப்போது எலியட் ஆரோன்சன் என்ற உளவியலாளரும் அவர் மாணவர்களும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். குழுவை ஆசிரியரே பிரிப்பார், எல்லா வகைப் பிள்ளைகளும் கலந்திருக்கும்படி. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொருவரும் மற்ற குழுக்களில் அதே துண்டை வைத்திருப்பவர்களோடு முதலில் உட்கார்ந்து அதைத் தெளிவாகப் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேர்வு எல்லாத் துண்டிலிருந்தும் வரும், அவரவர் தனியாக எழுத வேண்டும். பக்கத்திலிருப்பவனைக் கேலி செய்து வாயடைத்தால் அவன் துண்டு நமக்குக் கிடைக்காது. அன்பு பாசம் என்று யாரும் உரை நிகழ்த்தவில்லை.

எங்கள் பள்ளியில் வரலாற்று ஆசிரியை ஒருவர் இதற்கு ஒத்துக்கொண்டார். படிவம் நான்கு வரலாற்றில் அவசரகாலம் வருகிறது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்தது. இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. இங்கே எல்லார் வீட்டிலும் அதன் ஒரு துண்டு இருக்கிறது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சீனக் குடும்பங்களைப் புதுக்கிராமங்களுக்குள் வேலி போட்டு அடைத்தார்கள். தோட்டத்து லயங்களுக்கும் வேலி வந்தது. கம்போங் ஆண்கள் சிறப்புக் காவலர்களாகப் போனார்கள். ஓராங் அஸ்லி மக்களை மலையிலிருந்து இறக்கி முகாம்களில் வைத்தார்கள், பலர் அங்கேயே நோயில் செத்தார்கள்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அவரவர் கதையை அவரவருக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு பிள்ளையை எழுப்பி "உங்க ஆளுங்களைப் பத்திச் சொல்லு" என்பதைப் போன்ற கொடுமை வேறில்லை, அது ஒரு சமூகத்தையே அந்தப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடுகிறது. அதனால் மாற்றிக் கொடுத்தோம். தோட்டத்து லயம் ஒரு சீனப் பையனுக்கு வந்தது. மலைமக்கள் முகாம் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு. பாடநூலில் அதைப் பற்றி அதிகம் இல்லை, அவள் வகுப்பில் இருந்த தெமியார் மாணவனிடம் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும். முதல் நாள் தயங்கினாள். அவன் ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டுவந்தான், தாத்தா தன் அப்பா சொல்லக் கேட்டது. இவள் நோட்டில் எழுதினாள், ஆற்றின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கித் திருத்தினான். சீனப் பையனுக்கு ஒரு தமிழ்ப் பாட்டியின் கதை கிடைத்தது. தன் அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது, காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும் என்று சோறு கொண்டுபோக விடமாட்டார்களாம், கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம். அதைக் கேட்டுவிட்டு அவன், "எங்க பாட்டியும் இதையேதான் சொல்றாங்க" என்றான். புதுக்கிராமத்து வேலிக்குள்ளும் அதே சோதனைதான்.

மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கண்டினில் இன்னும் பெரும்பாலும் தனித்தனி மேசைதான். ஆனால் அந்தக் குழுக்களை வருடக் கடைசிவரை கலைக்கவில்லை, யாராவது வராவிட்டால் குழுவிலிருந்தே "அவன் ஏன் வரல டீச்சர்?" என்று கேட்கிறார்கள். ஐந்நூறு மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்ற கணக்கில் வேலை பார்க்கிற எனக்கு, அந்தக் கேள்வி எந்த அறிக்கையையும் விடப் பயன்படுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு: குழுவை நீங்கள் பிரியுங்கள். பிரித்ததைக் குறைந்தது ஒரு தவணைக்காவது மாற்றாதீர்கள். பெருக்குவது, கரும்பலகை துடைப்பது போன்ற வேலைப் பட்டியலையும் கலந்து போடுங்கள். பெயர்களைச் சரியாக உச்சரியுங்கள், வாயில் நுழையவில்லை என்று பாதியாக வெட்டாதீர்கள். கேலி காதில் விழுந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள், நீண்ட பிரசங்கம் வேண்டாம். அப்புறம் இந்தக் கைகுலுக்கல் நாடகம். கட்டொழுங்கு அறையில் இரண்டு பேரையும் நிற்கவைத்து, "சோரி சொல்லு, கை குடு" என்று படம் எடுத்துக் கோப்பில் வைப்பதால் கோப்பு மூடப்படுகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. காயப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். அவன் கைகுலுக்க விரும்புகிறானா என்று யாராவது கேட்டோமா? சாப்பிடாமல், தூங்காமல், பேச்சில் சாவு கலந்து வருகிற பிள்ளை என்றால் என்னைத் தேடி ஆள் அனுப்புங்கள், காத்திருக்காதீர்கள். பள்ளி நேரம் முடிந்துவிட்டால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி 15999 இருக்கிறது.

பெற்றோரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசப்போகிறேன். "எங்க பிள்ளையைத்தான் டீச்சர் எல்லாரும் நிறத்தைச் சொல்லிக் கேலி பண்றாங்க" என்று வருகிறீர்கள். உண்மைதான், நடக்கிறது, அந்தப் புகாரை நான் ஒருநாளும் தள்ளியதில்லை. அதே பிள்ளை தன்னைவிடக் குரல் குறைந்தவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று காட்டினால், "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்கிறீர்கள். அந்தச் சொல்லை அவன் பள்ளியில் கற்கவில்லை. காரில் நீங்கள் வங்காளதேசத் தொழிலாளியைப் பற்றியும் பக்கத்து வீட்டாரைப் பற்றியும் பேசுவது பின் சீட்டில் நன்றாகக் கேட்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளியே பேசுவதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம் பிள்ளைக்கும் தேசியப்பள்ளியிலிருந்து வந்த நம் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் இளக்காரம் சில வகுப்புகளில் இன வேறுபாட்டைவிடக் கூர்மையாக இருக்கிறது. 'எஸ்டேட்' என்ற பேச்சை நம்மவர்தான் நம்மவர் மேல் வீசுகிறார்கள்.

பண்டிகைத் திறந்த இல்ல உபசரிப்புக்கு நூறு பேரைக் கூப்பிடுவதைவிட, உங்கள் மகளின் குழுவில் இருக்கும் ஒரே ஒரு பிள்ளையை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முஸ்லிம் பிள்ளை என்றால் ஹலால் முத்திரையுள்ள முறுக்குப் பொட்டலமும் பெட்டிப் பானமும் போதும், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விடுதிப் பிள்ளை என்றால் வார்டனிடம் முறைப்படி அனுமதி கேளுங்கள், கொண்டுபோய்த் திரும்ப விடும் பொறுப்பு உங்களுடையது.

கடைசியாக அந்தப் பஸ். வாரத்தில் ஒரே ஒரு நாள் தோட்டத்துப் பஸ் மாலை வரை காத்திருந்தால், பாதிப் பிள்ளைகள் புறப்பாட நடவடிக்கையில் தங்க முடியும். பஸ்காரரிடம் நான் பேசினேன், கூடுதல் எண்ணெய்க் காசு கொடுத்தால் வருகிறேன் என்கிறார், பெரிய தொகை இல்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேடை அலங்காரச் செலவுக்கு முன்னால் இதை யாராவது எழுப்புங்கள். நான் எழுப்பினால் 'டீச்சருக்கு வேற வேலையில்ல' என்பார்கள், நீங்கள் எழுப்பினால் குறிப்பில் எழுதித்தான் ஆகவேண்டும்.