வெலாரியம்: அரங்கின் மேல் விரிந்த பாய்

பண்டை ரோமானியர் தங்கள் திறந்தவெளி அரங்குகளுக்கு மேல் இழுத்துக் கட்டிய துணிக்கூரைக்கு வெலாரியம் என்று பெயர். வெயில் ஏறும்போது விரிப்பார்கள்; காற்று பலமாக வீசினால் சுருட்டிவிடுவார்கள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பந்தல், விதானம், சாமியானா என்று மூன்று சொற்கள் கைக்கு எளிதாக வந்துவிடும். மூன்றும் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துணியை யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்த பிறகு மூன்றும் பொருந்தாமல் போகின்றன.

முதலில் வேர். 'வேலும்' என்ற லத்தீன் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது இது. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக முருகன் கைவேலோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். வேலும் என்றால் கப்பற்பாய். தொங்கும் திரைக்கும் மூடுதுணிக்கும் அதே பெயர்தான். பன்மையில் 'வேலா'. படை கொண்டு செல்லும் கொடிக்கு லத்தீனில் வழங்கிய 'வெக்ஸில்லும்' இதன் குறுமை வடிவம். அக்வேரியம், பிளானட்டேரியம் ஆகிய சொற்களின் இறுதியில் நிற்கும் அதே விகுதி சேர்ந்ததும் 'வெலாரியம்' ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு: இன்று நூல்களில் அடிக்கடி காணும் இந்த நீண்ட வடிவத்தை ரோமானியர் அரிதாகவே எழுதினார்கள். அங்கதக் கவிஞர் யுவெனல், மேடைப் பொறியில் ஏறி வெலாரியம் வரை தூக்கப்பட்ட சிறுவர்களைப் பற்றிப் பேசும்போது அதைக் கையாள்கிறார். மற்றபடி சுவர் விளம்பரம் முதல் வரலாற்று நூல் வரை எங்கும் 'வேலா', அதாவது 'பாய்கள்' என்பதே வழக்கு.

அந்த வேரின் கிளைகள் நெடுந்தூரம் ஓடியிருக்கின்றன. இத்தாலிய மொழியில் 'வேலா' கப்பற்பாய், 'வேலோ' முகத்திரை. பிரெஞ்சு மொழியில் இரண்டுக்கும் 'வுவால்' என்ற ஒரே சொல்தான். பெண்பாலாகச் சொன்னால் பாய், ஆண்பாலாகச் சொன்னால் திரை. அந்த வுவால் என்ற பெயரில் விற்ற மெல்லிய பருத்தித் துணி ஆங்கிலம் வழியாக நம் ஜவுளிக்கடைக்கும் வந்து சேர்ந்தது. கோடையில் அம்மாக்கள் தேடி எடுத்து உடுத்தும் வாயில் புடவையின் 'வாயில்' அதுதான். வாசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடற்கூற்றியலார் வாயின் உட்கூரையில் பின்பக்கம் தொங்கும் மென்மையான பகுதிக்கும் வேலும் என்றே பெயரிட்டார்கள். தமிழில் அது மெல்லண்ணம். 'ககார ஙகாரம் முதல்நா அண்ணம்' என்று தொல்காப்பியம் பிறப்பிடம் சொல்லும் எழுத்துகளை மேலைமொழிகளில் 'வேலார்' ஒலிகள் என்பார்கள். 'கப்பல்' என்று சொல்லும்போதே முதல் எழுத்துக்காக நாக்கு ஒரு பாயைத் தொட்டுவிடுகிறது.

சொல்லை இங்கே நிறுத்திவிட்டு வெயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் வெயில் இல்லாமல் இந்தச் சொல்லே பிறந்திருக்காது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ரோமின் நண்பகல் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு எண் பெரிதாகத் தெரியாது. ஆனால் இடிபாடுகளில் மரம் குறைவு, கல் மிகுதி. மேலிருந்து வருவது பாதி வெயில், காலடியிலிருந்து ஏறுவது மீதிப் பாதி. குடும்பத்தோடு போன நாங்கள் கொலோசியத்துக்கு எடுத்திருந்த டிக்கெட்டோ உச்சிவேளைக்கு உரியது. காலை நேரங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. உள்ளே மேல்தளத்தை அடைந்ததும் மாமியார் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஒரு தூணின் ஒடுங்கிய நிழலில் பக்கவாட்டில் நின்றுவிட்டார். மாமனார் மட்டும் கைப்பிடிச் சுவர் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளை, ஐம்பதாயிரம் பேர் உட்கார இடம் கட்டியவன் மேலே ஒரு பந்தல் போடாமலா விட்டிருப்பான்?"

"போட்டிருக்கிறார்கள் மாமா. வெளியே போனதும் காட்டுகிறேன்."

காட்ட வேண்டிய இடம் வடபுறம். கொலோசியத்தின் வெளிச்சுவர் முழு உயரத்துக்கு எஞ்சி நிற்பது அந்தப் பக்கத்தில்தான். கீழ் மூன்று அடுக்குகளும் வளைவு வளைவாகப் போகின்றன. நான்காவது அடுக்கில் வளைவு இல்லை, சன்னல் வைத்த மொட்டைச் சுவர். அந்தச் சன்னல்களுக்குச் சற்று மேலே, சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு வரிசையாகத் தாங்குகற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் நேர் மேலே, நம் கோயில் கொடுங்கை போல நீளும் விளிம்பில் சதுரமாக ஒரு துளை. மேலிருந்து அந்தத் துளைக்குள் ஒரு மரத்தை இறக்கினால் அதன் அடி இந்தக் கல்லில் வந்து உட்காரும். அப்படி 240 இடங்கள் இருந்ததாகக் கணக்கு. கட்டடத்தைச் சுற்றி 240 பாய்மரங்கள் வானத்தை நோக்கி நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். 188 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று நகர நடுவில் தரைதட்டியது போலத்தான் இருந்திருக்கும். மாமனார் கழுத்தை அண்ணாந்தபடி துளைகளை எண்ணத் தொடங்கினார். மகள் அதற்குள் தெருவோரக் குடிநீர்க் குழாயைக் கண்டுபிடித்துவிட்டாள். 'நசோனே', அதாவது 'பெருமூக்கன்', என்று ரோமானியர் அன்போடு அழைக்கும் இரும்புக் குழாய் அது. 1870களிலிருந்து நகரெங்கும் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வாய்க்கு வரும்.

மரங்களிலிருந்து கயிறுகள் உள்நோக்கி இழுக்கப்பட்டன, அவற்றின் மேல் துணி ஓடியது, நடுவில் மணல் களத்துக்கு நேரே வெளிச்சத்துக்காகத் திறப்பு விடப்பட்டது என்பது வரை அறிஞர்களிடையே பெரும்பாலும் உடன்பாடு உண்டு. கயிறு எங்கே முறுக்கப்பட்டது, துணி ஒரே பரப்பா, துண்டு துண்டான பட்டைகளா என்பதில் சண்டை ஓயவில்லை. கட்டடத்துக்கு வெளியே நிற்கும் ஐந்து குத்துக்கற்களைக் காட்டி, கயிறு இழுக்கும் பொறிகள் அவற்றில்தான் பூட்டப்பட்டன என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை.

வழக்கம் கொலோசியத்தைவிடப் பழையது. அரங்குக்கு முதன்முதலில் பாய் நிழல் தந்தவர் ரோமானிய அரசியல்வாதி கட்டுலஸ் என்றும், அது கி.மு. 69இல் ரோமின் கேப்பிடல் குன்றுக் கோயிலின் திறப்பு விழாவில் நடந்தது என்றும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். இது தென் இத்தாலியின் கம்பானியா நாட்டார் சொகுசு, அதை இவர் காப்பியடித்தார் என்று முகம் சுளித்த பழைய ஆசிரியரும் உண்டு. ஜூலியஸ் சீசர் ஒருமுறை ரோமின் பொதுமன்றம் முழுவதையும், தன் வீட்டிலிருந்து செல்லும் புனித வீதியையும் சேர்த்துத் துணியால் மூடிவிட்டார். கிளாடியேட்டர் சண்டையைவிட அதுவே பெரிய அதிசயமாகப் பேசப்பட்டதாம். பேரரசன் நீரோ வான்நிறத் துணியில் விண்மீன்கள் வைத்து விரித்தான். எனக்கு இவர்கள் யாரையும்விடப் பிடித்தவர் மார்செல்லஸ். பேரரசர் அகஸ்டஸின் மருமகனான இவர், கி.மு. 23 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து பொதுமன்றத்துக்குப் பாய் விரித்தார். விளையாட்டு இல்லை, விழா இல்லை. வழக்குக்கு வந்து காத்து நிற்பவர்கள் உடல்நலம் கெடாமல் நிற்கட்டும் என்று செய்தார். அதே ஆண்டிலேயே இறந்தும் போனார்.

நிழலைக் கொடுப்பவனுக்குப் பறிக்கவும் தெரியும். வெயில் கொளுத்தும் வேளையில் பேரரசன் காலிகுலா பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று தடுத்ததாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அதே காலிகுலாதான் செனட்டர்கள் அரங்கில் தொப்பி அணியவும் அனுமதித்தான். காற்று கிளம்பிவிட்டால் மன்னனாலும் ஒன்றும் முடியாது. ரோமில் தளபதி பாம்பே கட்டிய அரங்குக்குப் போனால் தொப்பியோடு போ, காற்று பாயை விரிக்க விடாது என்று கவிஞர் மார்ஷல் இரண்டு வரியில் அறிவுரை சொல்லியிருக்கிறார்.

வெலாரியம் மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்குப் பொம்பெயி நகரச் சுவர்கள் சான்று. இத்தனை இணை கிளாடியேட்டர்கள், இன்ன நாள், வேட்டை உண்டு என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் 'வேலா எருந்த்' என்று முடியும் விளம்பரங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. பாய் விரிக்கப்படும் என்று பொருள். 'முழுவதும் குளிரூட்டப்பட்டது' என்று நம் திரையரங்குகள் ஒரு காலத்தில் சுவரொட்டியில் போட்டதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. கி.பி. 59இல் பொம்பெயி அரங்கில் நடந்த கலவரத்தைக் காட்டும் சுவரோவியம் ஒன்றில் அடிதடிக்கு மேலே பாய் தொங்குகிறது. இன்று நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியம், வெலாரியத்தைக் கண்ணால் கண்டவர் காலத்துப் படம் என்பதால் மிக முக்கியமானது.

இனிமேல்தான் தமிழ்ச் சொல்லுக்கான திறவுகோல். ரோமில் இந்தப் பாய்களை இயக்கியவர்கள் கடற்படையினர். நேபிள்ஸ் அருகே மிசேனும் துறைமுகத்தில் இருந்த கடற்படையின் பிரிவு ஒன்றுக்குக் கொலோசியத்தின் பக்கத்திலேயே பாசறை இருந்தது. தன்னை மக்கள் கேலி செய்வதாக எண்ணிய பேரரசன் கொமோடஸ், 'பாய் விரிக்கும் கடற்படையினரை' ஏவி அரங்கில் இருந்தவர்களைக் கொல்லச் சொன்னதாகப் பிற்கால வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. அந்த நூல் புளுகுக்குப் பெயர்போனது. கொலைக் கதையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் பாய் விரித்தவர்கள் யார் என்பதை அது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. அத்தகைய துணுக்கில் பொய் சொல்ல யாருக்கும் தேவை இருக்காது. பாய்மரம், பாய், வடம், காற்றறிந்து சுருக்கும் கை எல்லாம் கப்பலிலிருந்து அப்படியே கரையேறியவை.

எனவே பந்தல் சரிவராது. பந்தல் காலூன்றி நிற்பது, அடியில் கம்பம் உடையது, ஒருமுறை போட்டால் விழா முடியும் வரை அசையாது. சாமியானா பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்பது எனக்குத் தடையல்ல. அதுவும் நான்கு கம்பத்தில் நிற்பது என்பதே தடை. விதானம் அழகான சொல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி திருமணம் 'நீல விதானத்து நித்திலப்பூம் பந்தர்க்கீழ்' நடக்கிறது. மாதவியின் அரங்கிலும் 'ஓவிய விதானம்' உண்டு. ஆனால் அது அலங்காரத் துணி, வெயிலோடு மல்லுக்கு நிற்பதல்ல. இறைவன் திருமேனிக்கு மேல் கட்டும் மேற்கட்டிக்கும் இதே குறை. படங்கு என்ற சொல்லை ஒரு கணம் யோசித்தேன். அகராதியில் மேற்கட்டி என்ற பொருளும் இருக்கிறது, ஈழத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அங்கே படங்கு என்றதும் நெல் காயவைக்கத் தரையில் விரிப்பதுதான் நினைவுக்கு வரும்.

எஞ்சுவது பாய். படுக்கும் பாய்க்கும் கப்பற்பாய்க்கும் தமிழில் ஒரே பெயர். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் முதுகண்ணன் சாத்தனார், 'கூம்பொடு மீப்பாய் களையாது' புகார்த் துறைக்குள் புகும் பெருங்கலத்தைப் பாடுகிறார். கூம்பு பாய்மரம், மீப்பாய் மேற்பாய். மீப்பாய் என்றே வெலாரியத்தைச் சொல்லலாம் என்று ஆசை வருகிறது, ஆனால் அது கப்பலுக்கு உரிய சொல்; அதை அங்கேயே விட்டுவிடுவோம். கப்பற்பாய்க்கு 'இதை' என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. இன்று எழுதினால் 'எதை?' என்று கேட்பார்கள்.

நிழலுக்காக விரிக்கும் பாய் நிழற்பாய். இதுவே என் பரிந்துரை. உணவகத் தோட்டங்களிலும் பள்ளி விளையாட்டிடங்களிலும் இன்று முக்கோணமாக இழுத்துக் கட்டும் செயற்கை இழைத் துணிக்கும் இதே சொல் பொருந்தும். ஆங்கிலத்திலும் அதை நிழலுக்கான பாய் என்றே சொல்கிறார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்தில் கோடை வந்தால் கடைத்தெருவுக்கு மேல் வீட்டுக்கு வீடு கட்டும் துணிகளுக்கும் தயங்காமல் எழுதலாம்.

ஓர் எச்சரிக்கை. லத்தீன் மூலத்தில் 'வேலும்' என்று கண்ட இடமெல்லாம் நிழற்பாய் என்று போட்டுவிடக் கூடாது. வீட்டு வாசலில் தொங்கினால் அது திரை. நாடக மேடையில் வந்தால் எழினி. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று சிலப்பதிகாரம் மூன்று வகையே வைத்திருக்கிறது. கடலில் வந்தால் வெறும் பாய். அரங்கின் தலைக்கு மேல் வந்தால் மட்டும் நிழற்பாய். அதைத் தாங்கும் மரத்துக்குக் கூம்பு, இழுக்கும் கயிற்றுக்கு வடம், இயக்குபவருக்குப் பாய்வினைஞர் என்று தொடரலாம்.