மோஷன் டெஸ்ட்: டப்பாவில் எதை எடுக்க வேண்டும், எப்போது தர வேண்டும்

லேபில் மோஷன் டப்பாவை நீட்டும்போது பலரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நாலு கேரி பேக்கில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பார்கள். பெயர் மட்டும் இருக்காது. எங்களுக்கு இதில் அருவருப்பு ஒன்றும் இல்லை, தினமும் பார்ப்பதுதான். ஆனால் இந்தக் கூச்சத்தாலேயே சாம்பிள் வீணாவதும் உண்டு.

சீதபேதி என்று வருபவர், சீதமும் ரத்தமும் கலந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, பார்க்கக் கொஞ்சம் 'நல்லதாக' இருக்கும் பகுதியை எடுத்து வருவார். எங்களுக்கு வேண்டியது அவர் ஒதுக்கிய இடம்தான். சீதபேதியை உண்டாக்கும் அமீபா என்ற நுண்ணுயிர் அங்கேதான் அதிகம் கிடைக்கும்.

அடுத்தது நேரம். காலை ஆறு மணிக்கு எடுத்ததைக் குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? சலைன் என்ற உப்பு நீர்ச் சொட்டில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உயிருள்ள அமீபா உடம்பின் ஒரு பக்கத்தை விரல் மாதிரி நீட்டி, அந்தத் திசையில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த அசைவை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். நேரமானால் அது உருண்டு, சிதைந்து, சீழ் செல்லோடு செல்லாகத் தெரியும். ரிப்போர்ட்டில் 'காணப்படவில்லை' என்று போவது அப்படித்தான்.

அதனால் தண்ணீராகப் போகிறது என்றால் அரை மணி நேரத்துக்குள் எங்கள் கையில் இருக்க வேண்டும். வீடு தூரமா? லேபுக்கே வந்து அங்குள்ள பாத்ரூமில் எடுத்துக் கொடுங்கள், அதுதான் உத்தமம். இளகலாக இருந்தால் ஒரு மணி நேரம். கெட்டியாக இருந்தால் அவ்வளவு அவசரமில்லை. கிருமி தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்ட நிலையான கூடுகளும் புழு முட்டைகளும் தாக்குப்பிடிக்கும், அன்றைக்குள் தந்தால் போதும். அதுவரை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க வீட்டில் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம். தண்ணீராகப் போனதை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

எடுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். சிறுநீர் பட்டால் அமீபா செத்துவிடும். குழாய்த் தண்ணீரும் அதைக் கெடுக்கும். போதாததற்குத் தண்ணீரில் இருக்கும் வேறு உயிரிகள் கலந்து எங்களைக் குழப்பும். கழிப்பறைக் கோப்பையிலிருந்து அள்ளாமல், பழைய பிளாஸ்டிக் ஷீட்டையோ பேப்பரையோ விரித்து அதன் மேல் போய், டப்பா மூடியோடு வரும் குச்சிக் கரண்டியால் நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும். தண்ணீராக இருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன். டப்பாவை நிரப்பாதீர்கள், வாயு சேர்ந்து மூடி திறந்துகொள்ளும். டெட்டால் ஊற்றிக் கழுவிய பழைய பாட்டில் வேண்டவே வேண்டாம். பெயர், வயது, எடுத்த நேரம் மூன்றையும் டப்பாவின் மேலேயே எழுதுங்கள், மூடியில் அல்ல.

டாக்டர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எழுதியிருந்தால் லேபில் தரும் ஸ்டெரைல் டப்பாவில்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன். பேதி நிற்க மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள். மறைந்த ரத்தம், அதாவது கண்ணுக்குத் தெரியாத ரத்தம், பார்க்கும் டெஸ்ட் என்றால், மாதவிலக்கு நாட்களிலும் மூலத்தில் ரத்தம் கசியும்போதும் எடுக்க வேண்டாம்.

ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. கூடுகளும் முட்டைகளும் தினமும் வெளியே வருவதில்லை. டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை கேட்பது அதனால்தான், லேபுக்கு வியாபாரம் பார்க்க அல்ல.

கைக்குழந்தைக்கு டயப்பரிலிருந்து சுரண்டி எடுக்காதீர்கள், ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துக் கட்டுங்கள். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிற பிள்ளைக்கு மோஷன் டெஸ்டே பெரும்பாலும் உதவாது. அந்தச் சொறிச்சலுக்குப் பெரும்பாலும் காரணமான நூல் மாதிரிப் புழு, இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றித்தான் முட்டையிடும். காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன்பே, செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தை அங்கே அழுத்தி எடுத்து ஸ்லைடில் (கண்ணாடித் துண்டில்) ஒட்டிக் கொண்டுவர வேண்டும். ஸ்லைடை முதல் நாளே லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.