சின்னவிளைக் கருமணலும் நிலவின் ஆக்ஸிஜனும்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சின்னவிளைக் கடற்கரை. ஆடி மாதத்து அலை கொஞ்சம் அடங்கிய காலையில் அங்கே நடந்தால், மணல் நிறம் நிறமாகப் பிரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அலை ஏறிய கோட்டை ஒட்டிக் கருப்பு, அதன் ஓரமாகக் கார்னெட் என்ற கனிமத்தின் செம்மை, தள்ளிச் சாதாரண வெள்ளை மணல். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பைக்குள் போட்டு அந்தக் கருப்பின் மேல் மெல்ல இழுத்தேன். பை முழுக்கக் கரும்பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தை வெளியே உருவியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணி மணியாக, மூலை மழுங்கி, பளபளவென்று இருக்கிறது.

அதில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பு, டைட்டானியம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றோடு ஒட்டிப்போன மணலில், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் கனிமத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இந்தக் கரை உலகத்துக்குத் தெரிந்த கரை. இன்றும் இங்குள்ள, மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்லின் ஆலை இல்மனைட்டைப் பிரித்து எடுக்கிறது. மணல் எடுப்பதால் கரை அரிக்குமா, மோனசைட்டில் உள்ள தோரியத்தின் கதிர்வீச்சு என்ன செய்யும் என்று கடலோரத்து மக்கள் கேட்கும் கேள்விகளும் அதே அளவு பழையவை, நியாயமானவை. இங்கே நான் சொல்ல வருவது இந்த மணலின் இன்னொரு முகவரியைப் பற்றி.

1969இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய இடத்துக்கு அமைதிக் கடல் என்று பெயர்; பெயரில் மட்டும்தான் கடல். அங்கிருந்து கொண்டுவந்த பாறைகளில் இல்மனைட் நிறைய இருந்தது. நிலவின் முகத்தில் கருப்புத் திட்டுகளாகத் தெரிகிறதே, பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைகளுக்குக் காட்டுவோமே, அவை உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளிகள். அவற்றில் சில இடங்களின் பாறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கனிமம்தான்.

நிலவில் தங்குவதற்கு இது ஏன் முக்கியம்? 1972 டிசம்பரில் போன அப்பல்லோ 17 வீரர்கள் நிலவின் தரையில் இருந்தது மூன்று நாள். மூச்சுக்காற்று, தண்ணீர், திரும்பி வர எரிபொருள் எல்லாமே பூமியிலிருந்து கட்டிக்கொண்டு போன கட்டுச்சோறு. அதற்குப் புறப்படும்போது ஏறக்குறைய 2,900 டன் எடையுள்ள ராக்கெட் தேவைப்பட்டது. கட்டுச்சோற்றை நம்பி மூன்று நாள் இருக்கலாம், மூன்று வருடம் இருக்க முடியாது.

கட்டுச்சோற்றில் எது கனம் என்று பார்ப்போம். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுவாசிக்க ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்ஸிஜன் போதும். நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்கு ஒன்றேகால் டன். பெரும் பசி ராக்கெட்டுக்குத்தான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது, ஆரல்வாய்மொழி தாண்டியதும் இடப்பக்கம் மகேந்திரகிரி தெரியும். அதன் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் இஸ்ரோ வளாகத்தில்தான், கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். சந்திரயான் 3ஐ ஏற்றிப்போன எல்விஎம் 3 ராக்கெட்டின் மேல் அடுக்கு 28 டன் எரிபொருள் கொள்ளும். அந்த அடுக்கின் திட்ட இயக்குநராக இருந்தவர் நம் மேலக்காட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானவரும் அவர்தான். அந்த எஞ்சினில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எடையில் ஐந்து பங்கு ஆக்ஸிஜன் எரிகிறது. அதாவது 28 டன்னில் 23 டன்னுக்கு மேல் ஆக்ஸிஜன். நிலவிலேயே ஆக்ஸிஜன் கிடைத்தால், இப்படிப்பட்ட எஞ்சினில் திரும்பி வருவதற்கான எரிபொருள் சுமையில் ஆறில் ஐந்து பங்கு குறையும்.

நிலவின் மண்ணில் எடைக்கு 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன்தான். ஆனால் சிலிக்கன், அலுமினியத்தோடு அது விடாப்பிடியாகப் பிணைந்திருக்கிறது. இல்மனைட்டில் மட்டும் இரும்பின் பங்குக்கு உள்ள ஆக்ஸிஜன் கொஞ்சம் இளகிய பிடியில் இருக்கிறது. அதைப் பிடுங்கும் முறையை விளக்க நம் வீட்டுப் புட்டுக்குழலே போதும். குழலில் மாவை நிரப்பினால், கீழே கொதிக்கும் தண்ணீரின் ஆவி மாவுக்குள் ஏறி மேலே வரும். மாவுக்குப் பதில் இல்மனைட், கீழிருந்து ஏறுவது ஹைட்ரஜன், சூடு 900 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில். ஏறுகிற ஹைட்ரஜன் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டு நீராவியாக மேலே வருகிறது. அதைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் ஆக்ஸிஜன் நமக்கு, ஹைட்ரஜன் திரும்பவும் குழலுக்கு. மாவை அழுத்தி அடைத்தால் ஆவி ஏறாது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். சூடு 1,000 டிகிரியை நன்றாகத் தாண்டினால் மணிகள் ஒட்டிக் கட்டியாகி, வாயு போக வழியில்லாமல் போகும்.

முழுமையாக நடந்தாலும் 100 கிலோ சுத்தமான இல்மனைட்டிலிருந்து பத்தரைக் கிலோ ஆக்ஸிஜன்தான் வரும். மூன்று ஆக்ஸிஜன் அணுக்களில் ஒன்றுதான் கழன்று வருகிறது. கணக்குப் போட்டால் ஒருவரின் ஒரு நாள் மூச்சுக்கு 8 கிலோ. கனமான மணல் என்பதால் மூன்று லிட்டர் பாத்திரத்திலேயே அடங்கிவிடும்.

ஆனால் சுத்தமான இல்மனைட்டுக்கு நிலவில் எங்கே போவது? சின்னவிளையில் அதைப் பிரித்துத் தருவது கடல். சாதாரண மணலைவிட இல்மனைட் ஒன்றேமுக்கால் மடங்கு கனம். அலை ஏறி இறங்கும்போது இலேசான மணலை இழுத்துப்போய், கனமானதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. அம்மா சுளவில் அரிசி புடைக்கிற அதே வேலைதான். நிலவில் கடலும் இல்லை, காற்றும் இல்லை. எல்லாம் கலந்து கிடக்கும் மண்ணைக் காந்தத்தாலும் மின்னூட்டத்தாலும் நாமே புடைத்தாக வேண்டும். அந்த மண்ணும் நம் கரை மணல் மாதிரி உருண்டையாக இராது. விண்கல் மோதி மோதி உடைந்த கண்ணாடித் தூள் போன்றது. உடையில் ஒட்டும், இயந்திர மூட்டுகளை அரிக்கும். அப்பல்லோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசி பட்டு மூக்கடைத்துத் தும்மல் வந்தது.

சரி, தென்துருவத்தில்தான் பனிக்கட்டி இருக்கிறதே, மண்ணை எதற்கு வறுக்க வேண்டும் என்று கேட்கலாம். நிலவின் மண்ணில் நீரின் தடயம் இருப்பதை 2009இல் உறுதியாகச் சொன்னது நம் சந்திரயான் 1இல் போன நாசா கருவி. அதே வருடம் அக்டோபர் 9 அன்று தென்துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள கேபியஸ் பள்ளத்தில் நாசா ராக்கெட் பாகம் ஒன்றை மோதவிட்டுப் பார்த்தபோது கிளம்பிய தூளில் எடைக்கு ஏறக்குறைய 5 சதவீதம் நீர் இருந்தது. நிலவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் துருவத்துச் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவர, பள்ளங்களின் அடியில் பல கோடி வருடமாக வெயில் பட்டதில்லை. பனி தங்கியது அதனால்தான்.

அந்தப் பனியை ராக்கெட்டுக்கு எரிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நம் கரையில் அள்ளிய இடத்தில் அடுத்த மழைக்காலத்து அலை கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவந்து போடும். நிலவின் பனி சேர்ந்த வேகத்தோடு ஒப்பிட்டால், எடுத்தது எடுத்ததுதான். அது குடிப்பதற்கும், பயிருக்கும், குழலில் கசிந்துபோகும் ஹைட்ரஜனை ஈடுகட்டவும் இருக்கட்டும். ஆக்ஸிஜனுக்கு மண் போதும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. துருவம் மேட்டுநிலம், அங்கே இல்மனைட் மிகக் குறைவு. அங்குள்ள மண்ணை 1,600 டிகிரி அளவில் உருக்கி, மின்சாரத்தை நேராகப் பாய்ச்சித்தான் ஆக்ஸிஜனைப் பிரிக்க வேண்டும். முப்பந்தலில் போல அங்கே காற்றாலை சுற்றாது. முகடுகளில் நீண்ட நேரம் விழும் வெயிலோ, சிறிய அணு உலையோதான் அந்த மின்சாரத்தைத் தர முடியும்.

அப்புறம், வறுத்து முடித்த மண். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியபோது அதன் எஞ்சின் ஊதித் தள்ளிய மண் ஏறக்குறைய 2 டன் என்று இஸ்ரோ கணக்கிட்டது. 1969இல் அப்பல்லோ 12 இறங்கிய இடத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி நின்ற, ஆளில்லாத பழைய சர்வேயர் 3 கலத்தின் பாகங்களைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தால், பறந்து வந்த தூள் அவற்றில் குழி குழியாகக் கொத்தியிருந்தது. குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கலமும் இப்படி இறங்கினால் சூரியத் தகடும் கண்ணாடியும் என்னவாகும்? தூள் கிளம்பாத இறங்குதளம் ஒன்று வேண்டும். மணலை இன்னும் கொஞ்சம் சுட்டு, ஒட்டவைத்துச் செங்கல் போலப் பாவினால் போதும். அதற்கான மண், ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுக் குழலிலிருந்து தினமும் சூடாக வெளியே வந்துகொண்டிருக்கும்.